ஆறாவது இதழ்

ஏணியில் ஏறுவதற்கு முன் தோட்டத்துக்குப் போய்விடுவார். கொடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, வெயிலுக்கு நேரே பிடித்து நரம்புகளை எண்ணிவிட்டுக் காதில் செருகிக்கொள்வார். அப்புறம்தான் தூரிகை. பழைய வீடுகளின் சுவர்ச் சித்திரங்களைச் செப்பனிடுவது அவர் தொழில். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அவருக்குக் கொடியம்மா என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

கொள்ளுத்தாத்தா இந்த வீட்டைக் கட்டியபோது, வெளியே பூக்காத மாதங்களிலும் சாப்பாட்டு அறையில் பூக்கட்டும் என்று தோட்டத்துக் கொடியை நாலு சுவரிலும் வரையச் சொன்னாராம். ஆசை அதோடு நிற்கவில்லை. கூரையில் சுண்ணாம்புக் காய்கள், கதவுப் பிடியில் மொட்டு, நாற்காலிக் கைகளில் சுருண்ட தளிர். அம்மா பரிமாறும்போது நாங்கள் மூன்று பிள்ளைகளும் சுவரில் பூக்களை எண்ணுவோம். எண்ணிக்கை ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அந்தச் சண்டைகளுக்காக இப்போது மனம் ஏங்குகிறது.

கொடியம்மா வேலை செய்யும்போது, என்றோ செத்துப்போன ஓவியர்களோடு பேசிக்கொண்டிருப்பார். "இலைக்கு முதுகு எது, முகம் எதுன்னு தெரியாதவனெல்லாம் தூரிகை புடிச்சிருக்கான்" என்று ஒருவருக்குத் திட்டு விழும். முதலில் வரைந்தவரிடம் மட்டும் தனி மரியாதை. "புழு தின்ன ஓட்டையக்கூட விடல பாருங்க. என்ன கண்ணு அந்த மனுசனுக்கு!"

போன வாரம் கதவோரம், முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு பூவை ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டார். அதற்கு ஆறு இதழ். தோட்டத்துக் கொடியில் ஐந்துக்கு மேல் கிடையாது. எவனோ நடுவில் புகுந்து கைவரிசையைக் காட்டியிருக்கிறான் என்று மாலையில் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அது தம்பி ஏழு வயதில் பள்ளிக்கூட வர்ணத்தால் போட்ட பூ. சென்ற ஆண்டு அவன் எங்களை விட்டுப் போய்விட்டான். முன்கூட்டியே சொல்லி வைக்காதது என் தப்பு.

மறுநாள் வந்த அக்கா நேரே கதவோரம் போய்க் குனிந்தாள். வெறும் சுவரைத் தடவினாள். இந்த வீட்டில் அவன் கையால் ஆனது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கொடியம்மாவைப் பார்த்து, "அவனுக்கு அஞ்சு இதழ் போதலம்மா. அப்பா, அம்மா, நாங்க மூணு பேரு, அப்புறம் எங்க நாய். ஆளுக்கொண்ணுன்னு ஆறாப் போட்டான்" என்றாள்.

வேலை தொடங்குமுன் சுவர் முழுவதையும் மெல்லிய தாளில் படியெடுத்து வைப்பது கொடியம்மாவின் வழக்கம். அந்தச் சுருளைப் பிரித்து இடத்தைக் குறித்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வலது கையால் ஒரு கோடு இழுத்தார். வழவழவென்று அழகாக வந்தது. அதைத் துடைத்தார். பிறகு தூரிகையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கோணலாக முதல் இதழைப் போடத் தொடங்கினார்.