மணியம்மா விட்ட கயிறு

என் பெரியம்மாவை எங்கள் சந்தில் எல்லோரும் மணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுகத்துப் பழைய கோட்டையை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் இருபத்தாறு வருடம் ஆயாவாக இருந்தார். உடைத்த கப்பலிலிருந்து வந்த ஒரு வெண்கல மணி பள்ளி வாசலில் தொங்கியது. முதல் மணிக்குப் பிள்ளைகள் சாப்பிட உட்காரும். இரண்டாம் மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். எந்த வீட்டிலும் கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை. நானும் அந்த மணிக்கு ஓடியவள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

சுற்றுலா ஆட்கள் வரத் தொடங்கியதும் வீட்டுக்காரர்கள் குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்டு, அறைகளை நாள் வாடகைக்கு விட்டார்கள். மளிகைக் கடை காபிக் கடையானது. குடும்பங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட, பள்ளியில் பதினோரு பிள்ளைகள் மிஞ்சினார்கள். பத்துக்குக் குறைந்தால் மூடிவிடுவோம் என்று மேலிடத்துக் கடிதம். பெரியம்மா தினமும் தலைகளை எண்ணுவார். பதினொன்றும் வந்த பிறகுதான் அவருக்குத் தேநீர் இறங்கும்.

அந்தச் சமயத்தில் பக்கத்து விடுதியிலிருந்து புகார் வந்தது.

“விருந்தாளிங்க பத்து மணி வரைக்கும் தூங்குறாங்களாம். இனிமே மணி அடிக்காதீங்க” என்றார் தலைமை ஆசிரியை.

“அப்ப பிள்ளைங்க எப்படிம்மா வரும்?”

“நீங்க போய்க் கூப்பிடுங்க.”

பெரியம்மா வீடு வீடாகப் போனார்.

“என்ன பெரியம்மா, மணிக்குக் கால் முளைச்சிருச்சா?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

“ஆமாப்பா, கூடவே முட்டி வலியும் முளைச்சிருக்கு.”

படகுக்காரரின் மூன்று பிள்ளைகள் ஒரு வீட்டு மேல்மாடியில் இருந்தார்கள். கீழே எல்லாம் வாடகை அறைகள். ஒரு திங்கட்கிழமை அந்த வீட்டுத் தெருக்கதவில் புதிதாக எண் பூட்டு இருந்தது; உள்ளேயிருந்து திறக்கலாம், வெளியிலிருந்து எண் வேண்டும். பெரியம்மாவுக்கு எண் தெரியாது. தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று மெதுவாகத் தட்டிப் பார்த்தார்; யாரும் திறக்கவில்லை. பெற்றவர்கள் இருவரும் விடியும் முன்பே வேலைக்குப் போயிருந்தார்கள்.

அன்றுதான் பிள்ளைகளை எண்ண மேலிடத்து அதிகாரி வந்தார். வகுப்பில் எட்டுப் பேர்.

பெரியம்மா ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து மணிக்கயிற்றைப் பிடித்தார். பக்கத்து விடுதியின் மூடிய ஜன்னல்களை நிமிர்ந்து பார்த்தார். எதிர்வீட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘அடி பெரியம்மா’ என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். என் வாயும் திறக்கவில்லை. அவர் கயிற்றை விட்டுவிட்டார்.

“இன்னும் மூணு பேர் இருக்காங்கய்யா.”

“இருக்கறவங்களத்தானேம்மா எழுத முடியும்” என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

தூங்கி எழுந்த யாரோ கதவைத் திறந்தபோதுதான் வெயில் ஏறியது தெரிந்து மூவரும் வந்தார்கள். தலை வாரி, பையை மாட்டி, மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

“நீங்க கூப்பிடவே இல்லையே மணியம்மா?” என்றாள் மூத்தவள்.

“ஒரு தடவை அடிச்சிருந்தா தலையா போயிருக்கும்?” என்று அன்று மாலை கேட்டேன்.

“அடிக்காதேன்னு சொல்லிட்டாங்களேடி” என்றார்.

பள்ளி இப்போது விடுதி. பெரியம்மா அங்கேயே கூட்டித் துடைக்கிறார். மணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதை அடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேலாளர், “நல்லா சத்தமா அடிங்க சார்” என்கிறார். சத்தம் கேட்டதும் பெரியம்மா துடைப்பத்தோடு எழுந்து வாசல் பக்கம் போய், சந்தின் கோடி வரை பார்த்து நிற்கிறார்.

“என்ன பெரியம்மா?” என்று எதிர்வாசலிலிருந்து கேட்டேன்.

“கால் மரத்துப் போச்சுடி.”