தம்பியின் கல்லில் எடுக்காத படி

ஒஸ்லோவில் ரோமர் காலத்துக் கல்வெட்டுகளின் தாள் படிகளுக்கு எண் போட்டு அடுக்குவது என் வேலை. பேராசிரியர் கோடைதோறும் இத்தாலிக்குப் போய், மாட்டுக்கொட்டில் சுவரிலும் வயல் வரப்பிலும் கிடக்கிற எழுத்துள்ள கற்களைத் தேடிப் பிடிப்பார். நனைத்த தடித்தாளைக் கல்லில் விரித்து, தும்புப் பிரஷ்ஷால் ஓங்கி ஓங்கி அடித்தால் தாள் எழுத்துக்குள் இறங்கும். காய்ந்தபின் உரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். பெரும்பாலும் கல்லறை எழுத்துகள்தான்: மனைவிக்குக் கணவன் வெட்டியது, மகனுக்குத் தாய் வெட்டியது. கல்லை நம்பாதே, கண்ட அன்றே படி எடு என்று பேராசிரியர் அலுக்காமல் சொல்வார். சில கற்களைப் பிறகு யாரோ உடைத்துச் சுண்ணாம்புச் சூளையில் போட்டுவிட்டார்கள். எங்களிடம் தாள் மட்டும் இருக்கிறது.

இலங்கையில் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோது அந்தத் தாளில் நாலைந்தையும் ஒரு பிரஷ்ஷையும் பெட்டிக்குள் வைத்தேன். இயக்கத்துக்குப் போய்ப் போரில் செத்த என் தம்பியின் உடல் வீட்டுக்கு வரவில்லை. செத்த போராளிகளுக்குக் கல் நாட்டுகிற துயிலும் இல்லத்தில் அவன் பெயர் வெட்டிய கல் ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்கிற சனம் நாங்கள். கல்லைக் கட்டிப்பிடித்து அழ அம்மா அவனால்தான் பழகினார்.

அம்மா கல்லைக் கழுவிப் பூ வைத்தார். நான் தாளை நனைத்து ஒட்டினேன். முதல் அடி விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியாதை பிள்ளை. அவனுக்கு நோகும்."

"அம்மா, இது கல்லு."

"ஓம், எனக்குத் தெரியும். அடியாதை. கல்லு எங்கை போகப்போகுது?"

எனக்குப் பொல்லாத எரிச்சல். தாளை உரித்துக் கசக்கி எறிந்தேன். அந்தக் கோபத்தில் ஒரு படம்கூடப் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் இதே வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

போர் முடிந்தபின் துயிலும் இல்லத்தை இராணுவம் இயந்திரம் விட்டு இடித்துவிட்டது என்ற செய்தி, ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது வந்தது. அன்று அழவில்லை. மறுநாள் வேலையில், ரோமர் காலத்துத் தாய் ஒருத்தி மகனுக்கு வெட்டிய கல்லின் படிக்கு எண் போடும்போது அழுதேன். முன்பின் தெரியாத அந்தப் பிள்ளையின் பெயர் என் கையில் பத்திரமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்துத்தான் அம்மாவோடு தொலைபேசியில் கதைக்க முடிந்தது. சுகம் விசாரித்து முடித்தோம். பிறகு அம்மா சொன்னார்:

"அண்டைக்கு நான் உன்னை மறிச்சிருக்கக் கூடாது, பிள்ளை. உன்ரை கை எண்டா அவனுக்கு இவ்வளவு நொந்திருக்காது."