சின்ன ர, பெரிய ற

“சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?”

கண் பரிசோதனை அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து காலையிலிருந்தே இந்தக் கேள்வி வந்துகொண்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள், தப்பித் தவறி மளிகைக் கடைக்குள் நுழைந்துவிட்டோமோ, இந்த அம்மா ரவை விற்கிறாரோ என்று ஒரு கணம் விழிப்பார்கள். விஷயம் ஒன்றுமில்லை. எங்கள் கண்ணாடிக் கடையின் தமிழ் எழுத்துப் பலகையில் இரண்டும் இருக்கின்றன. வாயால் சொல்லும்போது முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டால்தானே பவர் சரியாக வரும்? கேட்டுக் கேட்டு, உள்ளே கண் பரிசோதிக்கிறவளுக்குப் ‘பெரிய ற’ என்றே பெயர் விழுந்துவிட்டது. முதலாளி முதல் கூரியர்காரர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் வெளியே பிரேம் விற்கிறவள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் மெல்லிசு. அதனால் அவள் தொழிலில் பாதி எனக்குத் தெரியும். அவள் கவலை முழுசாகவே தெரியும்.

அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரும் பரீட்சை எழுத வந்த முகத்தோடுதான் உட்காருகிறார்கள். “தப்பாச் சொல்லிட்டேனா மேடம்?” என்று அரசாங்க அதிகாரிகூடக் குரல் நடுங்கக் கேட்பார். சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள். வரிசையில் காத்திருக்கும்போதே திறந்த கதவு வழியாகப் பலகையை உருப்போட்டுவிட்டு, உள்ளே போய்க் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவளிடம் அது பலிக்காது. வேகத்தை வைத்தே கண்டுபிடித்துப் பலகையைத் திருப்பிவிடுவாள். மறுபக்கத்தில் வேறு எழுத்துகள்.

“இது மனப்பாடம். எனக்கு மனப்பாடம் வேண்டாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, அதுதான் எனக்கு வேணும். இது பெயிலாகுற பரீட்சை இல்ல.”

அந்தக் குரலைக் கேட்டால், நாமும் ஒருமுறை போய் உட்கார்ந்து தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வரலாம் போலிருக்கும்.

இத்தனை பேருக்குத் தைரியம் சொல்கிறவள், கொஞ்ச மாதமாகத் தன் பரீட்சைக்குப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறாள். இறையியல் கல்லூரியில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். படித்து முடித்து முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும், ஒரு சபையை ஏற்று நடத்த வேண்டும் என்பது ஆசை. வயது நாற்பத்து நான்கு. வயது வரம்பு கிடையாது என்று கல்லூரியின் அறிவிப்பில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். “போடறப்போ அப்படித்தான் போடுவாங்க. ஆளைப் பார்த்ததும் மனசு மாறிடும்” என்கிறாள் இவள்.

அவளுக்குப் பயம் கையில் வரும். ஆள் வராத நேரங்களில் சோதனை லென்ஸ்களை எடுத்துத் துடைப்பாள். துடைத்ததையே துடைப்பாள். விண்ணப்பக் கட்டுரை எழுதிய நாட்களில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு வடிவம் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நிற்பாள். “இது நல்லா இருக்கா, அதுவா? சரி, இப்போ பாரு. இதுவா, அதுவா?” நாற்காலியில் ஏறாமலே எனக்குக் கண் பரிசோதனை நடக்கும். அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர், எதற்கும் பதறாத மனிதர். அவரே ஒருநாள் பொறுமை இழந்து சொல்லிவிட்டாராம்: “போறதுன்னா சந்தோஷமாப் போ. போகலைன்னாலும் சந்தோஷமா இரு. தினமும் ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்ணாத தாயே.”

கட்டுரையில் அவளைப் படுத்தியெடுத்தது ஒரு கேள்வி. ‘உங்களுக்கு அழைப்பு எப்போது, எப்படி வந்தது?’ நான் எந்தச் சபைக்கும் போகாதவள், தொலைபேசி அழைப்பைக் கேட்கிறார்கள் என்றே நினைத்தேன். அது அல்லவாம். ஆண்டவர் ஊழியத்துக்குக் கூப்பிட்டதைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். அவளுடைய போதகர் வாலிபத்தில் வெள்ளையடிக்கப் போய் ஏணியிலிருந்து விழுந்தவர். தரையைத் தொடுவதற்குள் யாரோ தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறார். அதே சபையில் தையற்காரர் ஒருவருக்குக் கனவிலேயே பைபிள் வசனம் வந்திருக்கிறது.

“எனக்கு ஒரு காய்ச்சல்கூட உருப்படியா வந்ததில்லடி. விபத்து இல்ல, கனவு இல்ல. படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன். என்னத்தைச் சாட்சி சொல்றது?”

“ஏணி கொண்டு வரேன். ஏறு, நான் தள்ளிவிடறேன்” என்றேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொரு லென்ஸை எடுத்துத் துடைத்தாள். கடைசியில் ‘படிப்படியாக உணர்ந்தேன்’ என்று எழுதி ஒப்பேற்றினாள். மழுப்பிவிட்டோம் என்ற எண்ணம் அவளை உள்ளுக்குள் அரித்தது. சாப்பிடும்போதுகூடத் திடீரென்று, “படிப்படியான்னா எந்தப் படின்னு கேட்டா என்னடி சொல்வேன்?” என்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற இவளுக்கு வெள்ளெழுத்து வந்து வருஷமாகிறது. ஒப்புக்கொள்ள மாட்டாள். போனைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துப் படிப்பாள். கையும் இப்போது போதவில்லை. கேட்டால் வெளிச்சம் பத்தவில்லை என்பாள். “ஒண்ணரை பவர்ல ஒண்ணு எடுத்து மாட்டேன், கடையே நம்ம கடை” என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

“சின்னப் பசங்க நடுவுல படிக்கப் போறேன். அதை வேற மாட்டிக்கிட்டுப் பெரியம்மா மாதிரி உக்காரணுமா? பார்த்த உடனே, இந்த வயசுல எதுக்கும்மான்னு கேட்டுடுவாங்க.”

அந்தக் கட்டுரையையும் வெறுங்கண்ணோடு போனில்தான் தட்டி அனுப்பினாள்.

அனுப்பிக் கொஞ்ச நாள் கழித்து, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். பலகையைப் பார்த்து “ற” என்றார். வழக்கம்போல இவள், “சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?” என்றாள். வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“இறைவனுக்கு வர்ற ‘ற’ம்மா! இதுகூடத் தெரியாதா?”

கதவு திறந்தது. வாத்தியாரை லென்ஸ் மாட்டிப் பார்க்கும் இரும்புச் சோதனைக் கண்ணாடியோடு இருட்டில் விட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“கட்டுரையில நான் எந்த ர போட்டிருக்கேன்னு பாரு.”

கழுத்துச் சங்கிலியில் தொங்கும் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ‘இரையியல் கற்க வேண்டும் என்பது என் நெடுநாள் வாஞ்சை’ என்று ஆரம்பித்திருந்தாள். ஒருமுறை தட்டியதைப் போன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிறகு தானாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரையியல்தான். இறைவனைப் படிக்கப் போகிறவள் தீனியைப் படிக்க ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தேன், வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“தினமும் ஊரையே கேக்குறேன், சின்னதா பெரிசான்னு. என்னை நான் கேக்கல பாரு” என்றாள்.

“அம்மா, நான் இன்னும் இருட்டுலதான் இருக்கேன்” என்று உள்ளேயிருந்து வாத்தியார் குரல் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நான் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் அனுப்பினாள். கல்லூரியிலிருந்து அதற்குப் பதில் வரவில்லை. நேர்காணல் தேதிதான் வந்தது. “கூப்பிட்டு வெச்சுத் திட்டப் போறாங்க” என்றாள். அந்த வாரம் முழுவதும் எங்கள் கடை லென்ஸ்களில் ஒரு தூசு கிடையாது.

முடிவு இன்னும் வரவில்லை. அவள் போனைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னால் சொல்ல முடிந்தது அந்த நேர்காணலைப் பற்றி மட்டும்தான்.

கல்லூரி தூரத்தில் இருப்பதால் கணினித் திரை வழியாகவே பேசினார்கள். கடையில் கதவுள்ள அறை ஒன்றுதான் என்பதால், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு மதிய நேரத்தில் மடிக்கணினியோடு பரிசோதனை அறைக்குள் போய் உட்கார்ந்தாள். பிரேம்களை அடுக்குகிற பாவனைகூட இல்லாமல் நான் தடுப்போடு ஒட்டி நின்றுகொண்டேன்.

முதலில் ஒரு பேராசிரியை. “உங்க இறையியல் ஆர்வம் பத்திப் படிச்சோம்மா” என்றார். எந்த ர-வை மனதில் வைத்துச் சொன்னார் என்று காதுக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்தவளுக்கும் தெரிந்திருக்காது. பிறகு கல்லூரி முதல்வர் கேட்டார்.

“படிப்படியா உணர்ந்தேன்னு எழுதியிருக்கீங்க. எந்தப் படி? அழைப்புன்னு எதைச் சொல்றீங்க?”

பயந்தது நடந்துவிட்டது. ஏதாவது சொல்லேண்டி என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியலைங்க” என்றாள். பிறகு மெதுவாகப் பேசினாள். “இந்த ரூமுக்கு ஒரு பொண்ணு வந்தாங்க. கண் நரம்பு பட்டுப்போயிட்டு வருது, கண்ணாடி போட்டுச் சரிபண்ண முடியாது. ‘என் பிள்ளை முகம் இன்னும் எத்தனை நாளைக்குத் தெரியும்’னு கேட்டாங்க. பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தேன். அது என் வேலை. ஆனா அவங்க எந்திரிக்கல, என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு வாயில ஒரு வார்த்தை வரல. ஜெபம்கூட வரல. கையைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். அதுக்குப் பேரு அழைப்பான்னு எனக்குத் தெரியலைங்க. இன்னொரு தடவை அந்த நாற்காலிக்குப் பக்கத்துல அப்படி ஊமையா உக்காரக் கூடாதுன்னு மட்டும் தெரியும்.”

அந்தப் பெண் வந்துபோன நாள் எனக்கும் நினைவிருக்கிறது. இவளை எடுக்காமல் விடமாட்டார்கள் என்று அப்போது தோன்றியது. இவள் போய்விட்டால் தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

முதல்வர் அடுத்ததற்குப் போனார். “திரையில ஒரு வேதப்பகுதி போடறோம். சத்தமா வாசிச்சுட்டு, அதைப் பத்திப் பேசுங்க” என்றார்.

மடிக்கணினி மேசைமேல் தள்ளிப்போகும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி பின்னால் உருண்டது. இன்னும் கொஞ்சம் உருண்டு சுவரில் இடித்தது. அதற்குமேல் போக அந்த அறையில் இடம் இல்லை.

வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வார்த்தையில் தடுமாறினாள். அடுத்த வார்த்தையிலிருந்து தண்ணீராக ஓடியது. ஒரு வரி, இரண்டு வரி, எங்கும் தடங்கல் இல்லை. கடைசி வரியை ஒப்பிக்கும் வாடிக்கையாளர்களுடைய வேகம் அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது வரியின் நடுவில் குரல் நின்றது.

“மன்னிச்சுக்கோங்க. இது மனப்பாடம். எழுத்து எனக்குத் தெரியல. ஒரு நிமிஷம் கொடுங்க.”

கதவு ஒரு சாண் திறந்தது. முகம் வரவில்லை. கை மட்டும் வெளியே வந்து, உள்ளங்கையை விரித்தபடி, நான் நின்ற பக்கமாக நீண்டது.