பத்துப் பேரா நிக்க வச்ச குமாஸ்தா

அந்தக் குமாஸ்தா நல்லவனா சோம்பேறியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

ஊர்ச் சபையில அவன் எழுதுவான், நான் பெருக்குவேன். என் புருஷன் செத்த வருஷம் நான் சேர்ந்த வேலை. அப்போ ராஜா ஒரு உத்தரவு போட்டார். எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து, 'ராஜா கும்பிடுற சாமிதான் என் சாமி'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். சொல்லாதவன் குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணணும். குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு நின்னு வாசகத்தைப் படிக்கணும். அவனுக்கோ முட்டி வலி.

"நானூறு தடவை எந்திரிச்சா ஊரை இல்லக்கா, உலகத்தையே காலி பண்ணிருவேன்"னு சொல்லிட்டு, பத்துப் பத்துப் பேரா நிக்க வச்சு ஒரே குரலா சொல்ல வச்சான்.

பத்துப் பேர் கத்துறப்போ ஒருத்தன் வாய் மூடியிருந்தா யாருக்குக் கேக்கும்? எங்க தெருக் கொல்லன் வேற சாமி கும்பிடுறவன். நடுவுல நின்னான், உதடு அசையல. நான் விளக்குமாறோட எதிர்ல நின்னு பாத்தேன். குமாஸ்தாவும் பாத்தான். பாத்துட்டேதான் சொன்னவங்க பட்டியல்ல அவன் பேரை எழுதினான்.

எவனோ போட்டுக் கொடுத்துட்டான். அதிகாரி வந்து நின்னார். வாசல்ல கொல்லன் பொண்டாட்டி மூட்டையோட நிக்கிறா. கொல்லனைக் கேட்டா பதிலே இல்ல. பொய் சொல்ல மாட்டானாம், பெரிய ரோஷக்காரன். குமாஸ்தா, "எல்லாரும் சொன்னாங்கய்யா"ன்னான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ இருந்தேல்ல? இவன் வாயைத் தொறந்தானா?"

எனக்குக் கொல்லனையும் பிடிக்காது, அவன் சாமியையும் பிடிக்காது. விடிஞ்சும் விடியாம சம்மட்டி அடிச்சு என் தூக்கத்தைக் கெடுக்கிறவன். போய்த் தொலையட்டும்னு விட்டிருக்கலாம்.

"தொறந்தானாவா? அவன் கத்துன கத்துல என் காதே அடைச்சுப் போச்சுய்யா"ன்னேன்.

அதிகாரி போயிட்டார். கொல்லன் எங்கிட்ட வந்து, "உன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா?"ன்னு எரிஞ்சு விழுந்தான். மறுநாளும் சம்மட்டி அடிச்சான்.

பல வருஷம் கழிச்சு வேற ராஜா வந்து, அவனவன் சாமி அவனவனுக்குன்னு சட்டம் போட்டார். பெரியவங்க ரொம்ப யோசிச்சுக் கண்டுபிடிச்சதாம். நான் குமாஸ்தாவைக் கேட்டேன்.

"ஏன்டா, அன்னைக்கு முட்டி வலியா, இரக்கமா?"

"மொத நாள் முட்டி வலிதான்க்கா. மறுநாளே சரியாயிருச்சு. அப்புறமும் பத்துப் பத்தாத்தான் நிக்க வச்சேன்."

"ஏன்?"

"தெரியல. நீ ஏன் பொய் சொன்ன?"

எனக்கும் தெரியல. விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டேன்.