டாங்கிக்கு மூடி போட மறந்தவர்

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவை நீங்கள் பார்த்ததில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "நல்லவர்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு அதிகம் எழுத வராது. ஆனாலும் ஒன்றை மட்டும் சரியாக எழுதி வைக்க வேண்டும்.

அப்பா தேயிலைத் தோட்டத்து பிக்கப்பின் டிரைவராக இருந்தவர். வண்டி பழசாகி ஓரங்கட்டப்பட்டபோது அவரையும் சேர்த்து ஓரங்கட்டிவிட்டார்கள். புது வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். அப்பா காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஆட்களோடு நின்று, மண்வெட்டியோடு மலைக்குப் போகிறவரானார். இரண்டு வருடம் மழையில் நின்று துருவேறிக் கிடந்த அந்த பிக்கப்பை, ஓட வைத்துக் காட்டுகிறேன் என்று அப்பா கேட்டு வாங்கி, எட்டுப் பேரை வைத்துத் தள்ளி, வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு கெழம டைம் தாரேன் டிரைவரே. எஞ்சின் சத்தம் கேட்டுச்சுன்னா வண்டி இங்கயே நிக்கட்டும். ஒங்க டிரைவர் வேலைக்கும் தோட்டத்துத் தொரகிட்ட நானே பேசுறேன். கேக்கலன்னா பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிக்கிட்டுப் போவான்."

வேலை தொடங்கியது. சீட்டுக்குள் எங்கள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "மொதல்ல குஞ்சு பொரிக்கட்டும், பொறகு ஒங்க எஞ்சின எழுப்புங்க" என்றார் அம்மா. அதனால் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். அப்பா கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். சின்னப் பையனான எனக்குக் கதவும் உப்புத்தாளும். துரு போகட்டும் என்று தேய்த்துத் தேய்த்துக் கதவில் ஓட்டையே போட்டுவிட்டேன். அப்பா அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். "காத்து நல்லா வரும், விடு" என்றார். மலையிலிருந்து களைத்து வருகிற மனுஷன், வண்டிக்கு அடியில் படுத்ததும் விசில் அடிப்பார்.

இரண்டு வாரக் கெடுவின் கடைசி நாள் ஞாயிறு. அப்பா ஹட்டனிலிருந்து ஒரு போத்தல் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றி, டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தார். "பத்துமான்னு தெரியலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பேட்டரி இரவல் வாங்கப் போனார்.

பத்தாவிட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் அம்மா ரசத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார், எல்லோருக்கும் போதும். நான் மலை ஊற்று விழும் பீலியில் நல்ல தண்ணீராகப் பார்த்து ஒரு செம்பு பிடித்து வந்து, மூடியைத் திருகித் திறந்து ஊற்றினேன். செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கண்டாக்கு வந்தார். லயமே வாசலில் கூடிவிட்டது. எஞ்சின் இரண்டு தரம் இருமியது, பிறகு மூச்சில்லை. பேட்டரியும் மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. அப்பா பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கிளாசில் பிடித்தார். மேலே மஞ்சளாகப் பெட்ரோல், அடியில் தெளிந்த தண்ணீர். கிளாசைப் பார்த்தார். நனைந்திருந்த என் சட்டையைப் பார்த்தார். வண்டிச் சில்லுக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த செம்பைக் காலால் மெல்ல வண்டிக்கு அடியில் தள்ளினார்.

"மூடி போட மறந்துட்டேங்க ஐயா. மழத்தண்ணி எறங்கிருச்சு."

கண்டாக்கு சிரித்தார். "மூடி போட மறக்குற ஆளுக்குத் தோட்டம் எப்படிய்யா வண்டி குடுக்கும்?"

கூட்டமும் சிரித்தது. இரண்டு நாளில் இரும்புக்காரனின் லொறி வந்தது. அப்பாவுக்குக் கடைசிவரை மலை வேலைதான். "மூடி போடாத டிரைவர்" என்ற பெயரும் கடைசிவரை போகவில்லை.

எனக்கு அப்பா மீது கோபம். நான் ஊற்றியது பீலித் தண்ணீர், அது நல்லது. மழைத்தண்ணீர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நம்பினேன். மூடியைத் திருகித் திறந்தது ஞாபகம் இருந்தது. ஆனால் அப்பாவே சொல்கிறாரே, முந்தின நாள் மழையில் மறந்திருப்பார். இவ்வளவு பாடுபட்டும் ஒரு மூடியில் கோட்டைவிட்டாரே என்று பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, கினிகத்தேனையில் வண்டி பழுதுபார்க்கும் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தபோது, டாங்கியில் தண்ணீர் இறங்கிய வேன் ஒன்று வந்தது. பெட்ரோலை ஒரு போத்தலில் பிடித்தேன். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. அப்பா பிடித்த கிளாசும், அவர் காலால் தள்ளிய என் செம்பும் கண்முன் வந்தன. அப்போது அப்பா உயிரோடு இல்லை.

அடுத்த ஞாயிறு, உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினேன். வேலையை விட்டு மகள் வீட்டில் இருந்த அந்தக் கண்டாக்கைத் தேடிப் பிடித்தேன்.

"ஐயா, அன்னைக்கி எங்க அப்பா மூடி போட மறக்கலைங்க. நான்தான் தண்ணி ஊத்துனேன்."

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "எந்த வண்டி தம்பி?" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியின் நிறத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.