தையல்நாயகி அக்காவின் ஆஸ்டர் பாத்தி

பால்காரர்தான் சொன்னார். "நர்ஸம்மா விடியக்காலையில போயிட்டாங்கம்மா." நான் பாத்திரத்தை நீட்டினேன். பாலை அடுப்பில் வைத்தேன், பொங்கியதும் இறக்கினேன். இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரைத் தெரியாதவர் இல்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தையல்நாயகி அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, ரயில்வேயில் வேலை பார்த்த தம்பியுடன் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். எனக்கு அவர் அக்கா.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரின் மனைவி, வெள்ளைக்காரப் பெண்மணி, அவருக்கு ஆஸ்டர் என்ற பூச்செடியின் விதை கொடுத்தாராம். முதல் தடவை முளைத்ததெல்லாம் மழையில் அழுகிப்போயிற்று. மறுபடி விதை கேட்டு வாங்கி, பாத்தியை மேடாக்கி, மணலும் மக்கிய சாணமும் கலந்து, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை போட்டார். செடிகள் பிழைத்து மொட்டும் கட்டின.

விதவைக்குப் பூச்செடி எதற்கு என்று பலரும் முணுமுணுத்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் நேரிலேயே கேட்டார். "யாரு தலையில வைக்க இந்தச் செவ்வந்தி?"

அக்கா கோபப்படவில்லை. ஓர் இலையைக் கசக்கி அவரிடம் நீட்டினார். "மோந்து பாருங்க. செவ்வந்தின்னா இலையிலயே வாசம் அடிக்கும். இதுல ஒண்ணுமில்ல. மொட்டுக்கு அடியில பாருங்க, குட்டி குட்டியா பச்சை இலை சுத்தி நிக்குது. இது ஆஸ்டர். தலைக்கு இல்ல, கண்ணுக்கு."

அந்த மொட்டுகள் விரியுமுன் எனக்குப் பிரசவமாயிற்று. அக்காதான் பார்த்தார். குழந்தை அழவில்லை. முகத்தை நான் பார்க்க வேண்டாம் என்று மற்றவர்கள் தடுத்தபோது, "பெத்தவ பாக்கட்டும்" என்று துணியை விலக்கிக் காட்டினார். பெண் குழந்தை.

அதன்பின் நான் படுத்தே கிடந்தேன். ஒருநாள் வேலைக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்று, "செடிக்கு நீதான் தண்ணி ஊத்தணும். வேர்ல ஊத்து, இலை நனையக்கூடாது" என்றார். ஆறுதலாக வேறொரு வார்த்தையும் இல்லை. எழுந்து போய் ஊற்றினேன். மறுநாளும் போனேன்.

பூத்தன. ஊதாவும் வெளிர்நீலமுமாய், நடுவில் மஞ்சள். விதைக்குக்கூட ஒன்றை விட்டுவைக்காமல் அத்தனையையும் அறுத்தார். "வா, புள்ளையப் பாத்துட்டு வருவோம்."

புதைத்த இடத்துக்கு அதுவரை யாரும் என்னை அழைத்துப் போனதில்லை. சின்ன மண்மேடு. பூக்களை அதன்மேல் வைத்தோம். அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். அக்கா என் முதுகில் கை வைத்தபடி நின்றார்.

பிறகும் விதை தேடி வாங்கி வளர்த்தார். சில வருஷம் பூக்கும், சில வருஷம் பூக்காது.

ஊரெங்கும் பரவிய காய்ச்சல் போன வாரம் அவருக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "அங்க கட்டில் கிடைக்காது. எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

பால்காரர் வந்து சொன்ன அன்று பிற்பகலே எடுத்துவிட்டார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. பாடையைத் தோளில் சுமந்தபடி ஆண்கள் காத்திருந்தார்கள். கிள்ளான் ரயில் மெதுவாகக் கடந்தது. ஜன்னலோரம் இருந்த யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கேட் திறந்தது.

போய் வாருங்கள், அக்கா.