ருத்ராட்சம் தின்ற எலி

ஜபமாலையில் நூற்றெட்டு மணி போக ஒரு மணி தனியாக, கொஞ்சம் பெரிதாக, முடிச்சோடு நிற்கும். அதற்கு மேரு என்று பெயர். ஜபம் செய்கிறவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். அதுவரை வந்துவிட்டு மாலையைத் திருப்பிப் பிடித்து, வந்த வழியே மறுபடி எண்ணத் தொடங்குவார்கள். எட்டு வயதில் இதைப் பார்த்துப் பார்த்து நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். என் அத்தை எங்கேயோ போகப் பார்க்கிறாள், இந்தக் குண்டு மணி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, அதை மட்டும் எடுத்துவிட்டால் நேரே போய்ச் சேர்ந்துவிடுவாள், ஜபமும் ஒரேயடியாக முடிந்துவிடும். என் புத்தி அப்படி. உனக்கு உடம்பு முழுக்க வாய், தலைக்குள்ளே மட்டும் ஒன்றும் கிடையாது என்று அம்மா சொல்வாள், தப்பில்லை.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், எடை போடுகிறவர். அறுவடைக் காலத்தில் மண்டியில் இடம் போதாமல் நாலைந்து மூட்டைகள் எங்கள் கூடத்திலேயே அடுக்கிக் கிடக்கும். வீடு முழுக்க மண்ணும் பச்சைக் கடலையும் கலந்த வாசனை. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. வளவனூரில் கொடுத்திருந்தது. மாமா ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அவர் அங்கே இருந்ததால் அத்தை எங்களோடுதான் இருந்தாள். மாமா வந்துபோனது இரண்டே தடவை. இரண்டாம் தடவை எனக்கு ஒரு சிவப்புக் குடை கொண்டுவந்தார். மாமாவைப் பற்றி எனக்கு நினைவிருப்பது அந்தக் குடைதான், முகம் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. மறு வருஷம் கண்டமங்கலத்து ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். ரங்கூனிலிருந்து மாமாவோடு சேர்ந்து கிளம்பியவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அத்தையை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

“மலை ஏத்தத்துல வாந்தி பேதி கண்டுடுச்சிங்க. ஒரு மூங்கில் புதராண்ட உக்கார வச்சிட்டு, தண்ணி கொண்டாரேன்னு போனேன். பின்னால வந்த கூட்டம் என்னைத் தள்ளிக்கினு போயிடுச்சி. திரும்பிப் போவ முடியலீங்க. நான் பார்த்தது அவ்ளோதான்.”

அவ்வளவுதான். செத்தார் என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஆரம்பித்தது. அது சண்டைகூட இல்லை. இரண்டு பேர் மாற்றி மாற்றி அழுதார்கள். ஒருவர் அப்பா. இன்னொருவர் மாமாவின் அண்ணன். நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். கழுத்தில் எப்போதும் ருத்ராட்சம் கட்டியிருப்பார். நல்ல மனிதர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

“கூடப் பொறந்தவனுக்கு ஒரு வாய் எள்ளுந்தண்ணி எறைக்காம நான் எப்படி சோறு துன்றது?” என்பார்.

“உசிரோட இருக்கறவருக்குக் கருமாதி பண்ணலாங்களா மாமா?” என்பார் அப்பா.

கருமாதி என்றால் அத்தையின் தாலி இறங்கும். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் அடுப்படியில் புகையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் எல்லோருமாக மயிலம் போனோம். மலையடிவாரத்தில் மாலை கட்டி விற்கும் வயதான பண்டாரம் ஒருவர் இருந்தார். பெரிய மாமாவுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான். இரண்டு பக்க வழக்கையும் கேட்டுவிட்டு ஒரு ருத்ராட்ச மாலையை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினம் பத்துச் சுற்று முருகன் பேர் சொல்லு. அதற்குள் சேதி வந்தால் சரி, வராவிட்டால் மூத்தவர் சொல்கிறபடி செய்துவிடுங்கள் என்றார். “நடுவுல ஒரு நாள் கணக்குத் தவறினாலும் முதல்லேர்ந்துதான்” என்றும் சொன்னார். அத்தை மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்ளப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“தாலி இருக்கற கழுத்துல இது ஏற வேணாம்மா. கையிலயே இருக்கட்டும்.”

அன்றிலிருந்து அந்த மாலை எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. அத்தை விடிகாலையில் குளித்து, விளக்கேற்றி, அதை எடுத்துக்கொண்டு உட்காருவாள். முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் பத்து மல்லாட்டை இருக்கும். ஒரு சுற்று முடிந்து மேருவைத் தொட்டதும் ஒரு மல்லாட்டையைத் தட்டின் அந்தப் பக்கம் தள்ளுவாள். பத்தும் அந்தப் பக்கம் போனால் ஜபம் முடிந்தது. அதுவரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள், பேசமாட்டாள். முடிந்ததும் அந்தப் பத்து மல்லாட்டையும் எனக்கு. ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போடுவாள்.

முதலில் அது எனக்குப் பிடித்திருந்தது. நாளாக நாளாகப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் அத்தைதான் எனக்குத் தலை வாரிவிடுவாள், ரங்கூன் கதை சொல்வாள். அங்கே பெண்கள் சுருட்டுப் பிடிப்பார்களாம். இப்போது அம்மா வாரினாள், மண்டையோடு பிடுங்கிவிடுவது போல. அத்தை எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் ஊரில் இல்லாதவள் மாதிரி இருந்தாள். எனக்கு என் அத்தை வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது அந்தக் குண்டு மணி. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

நாற்பத்தைந்தாம் நாள். அத்தை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். நான் முக்காலி போட்டு ஏறி மாலையை எடுத்தேன். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மேருவை உருவி, நூலின் இரண்டு முனையையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, ஆணியில் மாட்டிவிட்டேன். மேருவைப் பாவாடை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தேன், மல்லாட்டை தின்ன.

அத்தை வந்து உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள். விரல் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. தட்டிலிருந்த பத்து மல்லாட்டையில் ஒன்றுகூட நகரவில்லை.

பள்ளிக்கூட மணி அடித்தது, நான் போகவில்லை. அம்மா கேப்பைக் கூழ் கரைத்து வைத்துவிட்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். அத்தையின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாலை வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது, திரும்பவே இல்லை. மேரு போனால் வழி திறக்கும் என்று நினைத்தேனே தவிர, நிற்க இடமில்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. இடுப்பிலிருந்த மணி நெருப்புத் துண்டாகச் சுட்டது.

உச்சி வேளையில் அப்பா மண்டியிலிருந்து சாப்பிட வந்தார். வாசற்படியிலேயே நின்று அத்தையின் கையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“என்னான்னு தெரியலீங்க, காலையிலேர்ந்து எழுந்திரிக்கவே இல்ல. எழுப்பட்டுமா?” என்றாள் அம்மா.

“எழுப்பாத,” என்றார் அப்பா. சாப்பிடாமலே வெளியே போய்விட்டார்.

சாயங்கால வண்டியில் பெரிய மாமா வந்து இறங்கினார். இன்னும் மூன்றே நாள் என்பதால் பந்தலுக்கும் சமையலுக்கும் சொல்லிவிட வந்திருந்தார். அப்பாவும் அவரோடு உள்ளே வந்தார். பெரிய மாமா ஜபமாலையோடு வாழ்கிறவர்; இரண்டு நிமிஷம் பார்த்தார், குனிந்து உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, மேரு எங்க?”

அப்போதுதான் அத்தை கண்ணைத் திறந்தாள். மாலையைத் தடவிப் பார்த்தாள். “ஐயோ, காணோமே மாமா,” என்றாள்.

“மேரு இல்லாத ஜபம் கணக்குல வராதே. நாப்பத்தஞ்சு நாளும் வீணாப் போச்சே,” என்று பெரிய மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எலிதான் இழுத்துக்கினு போயிருக்கும். இந்த மூட்டைங்களுக்கு எங்கேர்ந்து வருதோ சனியனுங்க,” என்றார் அப்பா. “எல்லாரும் தேடுங்க. இருந்தா இங்கதான் எங்கியாவது கெடக்கும்.”

தேடினார்கள். அப்பா மூட்டைகளைப் புரட்டினார். அம்மா பானைகளை நகர்த்தினாள். பெரிய மாமா அந்த வயதில் மண்டி போட்டு மூலை மூலையாகத் தடவினார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து விளக்குமாற்றை எடுத்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாரும் பார்க்காத சமயம் பாவாடை முடிச்சை அவிழ்த்து மேருவைக் காமாட்சி விளக்கின் அடியில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அடித்தாலும் பரவாயில்லை, கிடைத்துவிட்டதென்று ஆகட்டும்.

அத்தை பெருக்கிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தாள். விளக்கடியில் பார்த்தாள். குனிந்தாள். மேரு அவள் உள்ளங்கைக்குள் போனதை நான் பார்த்தேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன். இப்போது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அத்தை அதை முந்தானை நுனியில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டாள், இடுப்பில் செருகினாள், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் போய் மறுபடி தேட ஆரம்பித்தாள்.

நான் பின்னாலேயே போனேன்.

“அத்தே, உன் முந்தானையில—”

அவ்வளவுதான் சொன்னேன். அத்தை சட்டென்று என்னைத் தட்டருகே இழுத்துவந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்துப் பருப்பை என் வாயில் போட்டாள். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு அத்தை என்னைப் பார்த்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது. என் திருட்டை அவள் கண்டுபிடித்துவிட்டாள், ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். அந்த நன்றியில் வாயைத் திறக்கவே இல்லை. மீதி ஒன்பது மல்லாட்டையும் அன்றைக்கு எனக்குத்தான்.

பந்தலுக்குச் சொல்லவில்லை. அடுத்த கிருத்திகைக்குப் பெரிய மாமா மயிலம் போய்ப் புது மேரு வாங்கி வந்து கோத்துக் கொடுத்தார். முதல் நாளிலிருந்து மறுபடி ஜபம். நாற்பது நாள் தாண்டியதோ இல்லையோ, அந்த மேருவும் காணோம். சத்தியமாக அது நான் இல்லை. மூன்றாவதாக ஒன்று வாங்கி வந்தார். அதுவும் நாற்பத்தேழாம் நாள் காணோம். ஒவ்வொரு தடவையும் அப்பா மூட்டைகளைப் புரட்டிப் போட்டுத் தேடினார், எலிகளின் பரம்பரையையே திட்டினார். அத்தை கூடவே பெருக்கினாள். இரண்டு நிமிஷத்தில் மேருவின் குறையைப் பெரிய மாமா கண்டுபிடித்தாரே, நாற்பத்தைந்து நாள் அதையே உருட்டிய விரலுக்கு முதல் சுற்றிலேயே தெரிந்திருக்காதா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. நான் முதலில் எடுத்த பாவம்தான் அத்தையை விடாமல் துரத்துகிறது என்று நம்பினேன்.

மூன்றாவது மேருவுக்குப் பிறகு பெரிய மாமா ஒன்றும் கேட்கவில்லை. ஆடி அமாவாசையன்று தனியாகப் பெண்ணையாற்றுக்குப் போய்த் தம்பிக்கு எள்ளுந்தண்ணீர் இறைத்துவிட்டு வந்ததாக அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னார். அதை அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. பந்தல் பேச்சையும் அவர் எடுக்கவில்லை. யுத்தம் முடிந்தது. மாமா வரவில்லை. அத்தை பூவும் பொட்டுமாக, மேரு இல்லாத அந்த மாலையைக் கையில் உருட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கடைசி வரைக்கும் அது அவள் கழுத்தில் ஏறவில்லை.

எலிக்காக நானும் என்னால் ஆனதைச் செய்தேன். மல்லாட்டை மூட்டை அடுக்கிய வீட்டில் அப்பா ஏன் ஒரு எலிப்பொறிகூட வாங்கவில்லை என்று யோசிக்கிற வயது இல்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில், அந்த ஆணிக்கு நேர் கீழே நாலு மல்லாட்டையை உடைத்து வைப்பேன், எலி அதைத் தின்றுவிட்டு ருத்ராட்சத்தை விட்டுவிடட்டும் என்று. காலையில் பார்த்தால் நாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். மூட்டைகளிலும் ஓட்டை விழுந்ததில்லை. இந்த எலிக்கு மல்லாட்டை பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவற்றை நானே பொறுக்கித் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.